பாலம் ஏறும்போது வரும் சத்தம்

"இன்னா கீது அந்த கரண்டு வண்டில? ஆயில் கெடையாது, பிளக் கெடையாது, கிளட்ச் கெடையாது. அங்க போயி எதத் தொறந்து எத மூடப் போற?"

சம்பத் கேட்டுவிட்டு, பழைய வேனின் பானெட்டை வேண்டுமென்றே வேகமாகத் தூக்கி நிறுத்தினான்.

ஜுல்ஃபிகர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "தொறக்க ஒண்ணும் இல்லன்றதாலதான் போறேன்," என்றான். தேவைக்கு மேல் உரக்கச் சொன்னான்.

இருவரும் சேர்ந்து திருமுல்லைவாயிலில் ஷெட் போட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. நாளைக் காலை ஜுல்ஃபிகர் பூந்தமல்லியில் எலெக்ட்ரிக் கார் சர்வீஸ் சென்டர் ஒன்றில் வேலைக்குச் சேர்கிறான். தன் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு போகத்தான் இன்று வந்திருந்தான்.

காலையிலிருந்து சம்பத்துக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கையில் எடுத்ததை எங்கோ வைத்தான், வைத்ததைத் தேடினான். ஒரு நட்டைக் கழற்றிவிட்டு எதற்குக் கழற்றினோம் என்று யோசித்தான். பிரிப்பதும் பூட்டுவதும் எப்போதும் அவன் வேலை. எதைப் பிரிக்க வேண்டும் என்று சொல்வது ஜுல்ஃபிகர். ஸ்டார்ட் செய்த வண்டியின் பக்கத்தில் அரை நிமிடம் நிற்பான். டேப்பட் என்பான், பேரிங் என்பான், அவ்வளவுதான். தப்பியதே இல்லை. பருத்திப்பட்டிலிருந்துகூட வண்டிகள் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வந்தன. அவன் போய்விட்டால் இந்த ஷெட் எத்தனை மாதம் தாங்கும் என்பது சம்பத்துக்குத் தெரியும்.

தண்ணீர் கேன் போடும் தினகரனின் வேன் மூன்றாவது முறையாக வந்து நிற்கிறது. பாலம் ஏறும்போது ஏதோ சத்தம். இரண்டு தடவை பிரித்தும் சம்பத்துக்குப் பிடிபடவில்லை.

தினகரன் ஜுல்ஃபிகரின் எதிரே போய் மறித்து நின்று கெஞ்சினான். "அண்ணாத்தே, ஒரே ஒரு தபா இன்னான்னு பாத்துட்டுப் போயேன்."

"டீசல் வண்டிய இனிமே நான் தொடறதா இல்ல, தினகரா."

அதற்கப்புறம் புது வேலையின் பெருமையை ஜுல்ஃபிகர் அளக்க ஆரம்பித்தான். மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கொடுப்பதால் பிரேக் கட்டை சீக்கிரம் தேயாதாம். பேட்டரி சூடாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆரஞ்சு நிற ஒயரைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, டயரைக் கவனிக்க வேண்டும். மற்றபடி ஒயரைச் செருகினால் என்ன கோளாறு என்று லேப்டாப்பே காட்டிவிடுமாம்.

"எல்லாத்தையும் எழுத்துல காட்டிடும் மச்சான். படிச்சுட்டு வேலயப் பாக்க வேண்டியதுதான்."

"படிக்கத் தெரிஞ்சவன் எவன் வேணா அதச் செய்வானே. அதுக்கு நீ எதுக்கு?" என்றான் சம்பத்.

ஜுல்ஃபிகர் சிரித்தான். மூலையிலிருந்த ஸ்டூலில், வேனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்தான்.

இந்தத் திமிர் மூன்று மாதமாகவே இருக்கிறது என்று சம்பத் நினைத்துக்கொண்டான். போன் அடித்தால் எடுப்பதில்லை. எதுவானாலும் வாட்ஸப்பில் போடு என்கிறான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. பேசினால் முதலாளி அதட்டுவது போலப் பேசுகிறான். போன வாரம் அவன் மனைவி வஹீதுன்னிசா வந்து வாசலில் வெகுநேரம் தயங்கி நின்றாள். காரணம் எதுவும் கேட்காமல் அவரை அனுப்பிவிடுங்கள் அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். குடும்பமே கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறது. பதினெட்டு வருடம் கூட நின்றவனுக்குத்தான் காரணம் தெரியக் கூடாது.

கடைசியாக ஒரு தந்திரம் செய்து பார்த்தான். தினகரனை வண்டியில் ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அமுக்கச் சொன்னான். சத்தம் காதில் விழுந்தால் ஜுல்ஃபிகரின் கை சும்மா இருக்காது, தானே எழுந்து வருவான்.

வேன் உறுமியது. உறுமலுக்கு அடியில் தகரத்தைச் சுரண்டுவது போன்ற அந்தச் சத்தமும் நன்றாகவே வந்தது. சம்பத் காத்திருந்தான். அந்த முதுகு அசையவில்லை.

கல்நெஞ்சக்காரன் என்று முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினை அணைக்கச் சொன்னான்.

அப்போது பக்கத்துப் பஞ்சர் கடையில் ஒரு லாரி டயர் வெடித்தது. தினகரன் சீட்டிலிருந்து எகிறிக் குதித்தான். சம்பத்தின் கையிலிருந்த டார்ச் லைட் கீழே விழுந்தது. ரோட்டில் போனவர்கள் எல்லாரும் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜுல்ஃபிகர் மட்டும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருந்த கிரீஸை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சம்பத் வெகுநேரம் அவனையே பார்த்தான். பிறகு மெல்ல நடந்து போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"போவாத மாமே," என்றான். "சத்தம் எப்டி கீதுன்னு நான் கேட்டுச் சொல்றேன். இன்னா கோளாறுன்னு நீ சொல்லு."