இடது பக்கம் இறங்கும் வண்டி

“ஃபேக்டரியிலதான் இருக்கேன். லோடு ஏத்துறாங்க, அதான் சத்தம்” என்று முக்தார் அகமது மனைவியிடம் போனில் சொன்னார்.

சத்தம் பாலத்தில் போன லாரியுடையது. அவர் பாலாற்றங்கரையில், ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பழைய வெளிநாட்டு எஸ்.யூ.வி. இடது பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக் கோபி பைக்கை நிறுத்தியதும் அவர் போனை ஜிப்பாவுக்குள் போட்டார்.

“இன்னா பாய், இங்க வந்து நிக்கிறீங்க?”

“வேலையைப் பாரு கோபி. நான் எப்பவும் போற நேரத்துக்கு வீட்டுக்குப் போவணும். வண்டி நேரா நிக்கணும். அவ மாடியிலேர்ந்து பாத்துக்கினு இருப்பா.”

கோபி குனிந்து சக்கரத்துக்கு மேலே சோப்புத் தண்ணீர் அடித்தான். இந்த வண்டியில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. அந்த இடத்தில் காற்றடைத்த ரப்பர் பலூன் இருந்தது. அதன் மடிப்பில் நுரை பொங்கியது.

“வெடிப்பு ஜாஸ்தியாய்டுச்சி. புது பலூன் போன வாரமே வந்து ஷெட்ல கெடந்துச்சு. ஒரு நாள் வண்டியை விடுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?”

“வண்டி இல்லாம நான் எங்க போறது?”

“பேசாம நாலுத்துக்கும் இரும்பு ஸ்பிரிங் போட்டுடலாம் பாய். அப்புறம் பேஜாரே இல்ல.”

“எத்தினி நாள் ஆவும்?”

“ஒரு வாரம் ஷெட்ல நிக்கணும்.”

“வேணாம்.”

கோபி பெட்டியைத் திறந்து புதுப் பலூனை வெளியே எடுத்தான். வெயில் முதுகில் விழுந்தது. மாசி மாதம். மரம் பாதி மொட்டையாக நின்றது.

முக்தார் டிபன் பையிலிருந்து ஒரு பனை விசிறியை எடுத்து அவனுக்கு வீசினார். கோபிக்குச் சிரிப்பு வந்தது.

“தோல் ஃபேக்டரி மொதலாளிக்குப் பனை விசிறியா?”

“கரண்ட் போனா வேணும்னு அவதான் பையில வெச்சி அனுப்புறா.”

ஜாக்கி எடுக்க கோபி பின்கதவைத் திறந்தான். உள்ளே ஒரு தலையணை இருந்தது. மடித்த போர்வை, தொழுகைப் பாய், பழைய செய்தித்தாள்கள். அவன் தலையணையைப் பார்த்தான். பிறகு ஆற்றோரம் தெரிந்த வீடுகளைப் பார்த்தான்.

“இந்தப் பக்கம்... யாராவது வேண்டியவங்களா பாய்?”

முக்தாருக்குப் புரிந்தது. “இந்த வயசுலயா? போடா.”

சிரித்தார். சிரிப்பு நீடிக்கவில்லை.

“ஃபேக்டரியை வித்துட்டேன் கோபி. போன மாசியில. ஒரு வருஷம் ஆச்சு. அவளுக்குத் தெரியாது.”

கோபி எடுத்த ஜாக்கியைக் கீழே வைத்தான்.

“அவங்க அத்தா ஆரம்பிச்ச டேனரி. என் கையில குடுத்துட்டுப் போனாரு. இவளுக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆன ஒடம்பு. தெரிஞ்சா தாங்க மாட்டா. அதான் தெனம் காலையில கெளம்பிடுறது. நெழல் நகந்தா வண்டியையும் நகத்திக்குவேன். சாயங்காலம் போய்டுவேன்.”

“பேச்சுத் துணைக்கு?”

“பேப்பர் இருக்குது.”

கோபி ஜாக்கியைப் போட்டு வண்டியைத் தூக்கினான். பழைய பலூனைக் கழற்றிப் புதியதை மாட்டினான். இன்ஜினைப் போட்டதும் கம்ப்ரஸர் முனகியது. வண்டியின் பின்பக்கம் மெல்ல எழுந்து நேரானது.

கூரையிலும் பானெட்டிலும் விழுந்திருந்த பழுத்த இலைகளை முக்தார் விசிறியால் தட்டிவிட்டார். முழுதும் தட்டிய பிறகு சுற்றி வந்து ஒருமுறை பார்த்தார்.

“எலை இருந்தா எங்கேர்ந்துன்னு கேப்பா. டேனரியில ஏது மரம்?”

“பின்னாலயே வர்றேன் பாய். வீடு வரைக்கும் எறங்காம நிக்குதான்னு பாத்துடலாம்.”

“வா. அவ கேட்டா ஃபேக்டரி வாசல்ல நின்னுச்சுன்னு சொல்லு.”

வண்டி இறங்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு முக்தார் மாலை மக்ரிப் தொழுகைக்கு நடந்தார். அவர் முதுகு நேராக இருந்தது. வேலைக்குப் போய் வந்த மனிதரின் நடை.

கோபி சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே ஜாண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முக்தாரின் மனைவி முனவ்வர் பேகம் மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி, டீயோடு வந்தார்.

“எங்க தம்பி நின்னுச்சு?”

“ஃபேக்டரி வாசல்லதாம்மா.”

“சரி.”

அவர் வண்டிக் கதவைத் திறந்து டிபன் பையை எடுத்தார். விசிறியின் ஓலை ஓரத்தில் மடங்கியிருந்தது. அதை விரலால் நீவிப் பைக்குள் திரும்ப வைத்தார்.

பிறகு வைப்பருக்கு அடியில் கைவிட்டு, சிக்கியிருந்த ஒரு பழுத்த வேப்பிலையை எடுத்தார். அவர் அதைத் தேடவில்லை. அது அங்கே இருக்கும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

கோபி டீ டம்ளரைப் பானெட்டின் மேல் வைத்தான்.

அவர் தெருமுனையைப் பார்த்தார். கணவர் மசூதிக்குள் போயாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“மரம் எலையெல்லாம் கொட்டிடுச்சே தம்பி, நெழலு பத்துதா அவருக்கு?”