உங்களுக்கும் பரீட்சையா?

"டீச்சர், உங்களுக்கும் பரீட்சையா?" என்று முந்தின நாள் கேட்டிருந்தாள் ஒன்பதாம் வகுப்பு வாயாடி.

"ஆமாம்டி. எங்க பேராசிரியை நாளைக்கு என் வகுப்பைப் பார்க்க வராங்க. அவங்க சரின்னு சொன்னா இதே ஸ்கூல்ல எனக்கு வேலை" என்றாள் பயிற்சி ஆசிரியை.

மறுநாள் பாடம் தடங்கலின்றி நடந்தது. ஆனால் தினமும் கேள்வியால் துளைத்தெடுக்கும் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. "சந்தேகம் இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லாத் தலைகளும் இல்லையென்றே ஆடின.

மணியடித்ததும் பேராசிரியை வெளியே அழைத்தார். "பிள்ளைங்களை மிரட்டி வச்சிருக்கியாம்மா? ஒருத்தர்கூட கேள்வி கேக்கலையே! அடுத்த வாரம் மறுபடி வரேன். அப்புறம்தான் வேலையைப் பத்திச் சொல்ல முடியும்."

கலங்கிய கண்களோடு திரும்பினாள். காலியான வகுப்பில் வாயாடி மட்டும் துள்ளிக்கொண்டு நின்றாள்.

"பாஸா டீச்சர்? பரீட்சை எழுதறவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எல்லார் வாயையும் நான்தான் கட்டிப்போட்டேன்! எனக்கே நாக்கு நமநமன்னு இருந்துச்சு!"

வந்த கோபம் அப்படியே கரைந்துபோயிற்று. இந்த அன்புக்கு என்ன கைம்மாறு செய்ய?

"அவங்க அடுத்த வாரமும் வராங்க. அன்னைக்கு யார் வாயையும் கட்டாதே, தங்கம்" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுப் பெஞ்சில் அவளை உட்காரவைத்து, தானும் அருகே உட்கார்ந்தாள். "எனக்காக அடக்கி வச்சதையெல்லாம் இப்ப கேளு."

ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள்.