வலது கரண்டி

மத்தியானத்திலேயே திரையை இழுத்துவிட்ட கூடத்தில், சாப்பாட்டு மேசையையே காக்பிட் ஆக்கிக்கொண்டு அப்பா உட்கார்ந்திருக்கிறார். விடிய விடிய விமானம் ஓட்டிவிட்டு வந்த கண்கள் சிவந்து கிடக்கின்றன. நாளைக்கு வெளிநாட்டு விமானக் கம்பெனியின் தேர்வு. அதற்குத்தான் இந்த ஒத்திகை. மேசைமேல் இரண்டு கரண்டிகள், இரண்டு இன்ஜின்கள். பக்கத்து நாற்காலியில் மகள், துணை விமானியாக. எந்த இன்ஜினில் தீயோ அந்தக் கரண்டியைத் தொட்டு, இதுதானா என்று அவர் கேட்க வேண்டும். அவள் சரி என்ற பிறகுதான் இழுத்து அணைக்க வேண்டும்.

"இடது இன்ஜின்ல தீ," என்கிறாள். அவர் கை வலது கரண்டியில் போய் உட்காருகிறது.

"இதானே?"

"அப்பா, அது நல்லா ஓடுற இன்ஜின்!"

"அட, ஆமா கண்ணு. நீ இருக்கறப்ப எனக்கென்ன கவலை?"

"அங்க இதைவிட ராத்திரி டூட்டி ஜாஸ்தின்னீங்களே. வேண்டாம்ப்பா."

"போனதும் கேப்டன் சீட்டுடி," சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறாள். "இங்க தலை நரைச்சாலும் கிடைக்காது. வந்துட்டா பெரிய மனுஷி, புத்தி சொல்ல."

ஃபிரிட்ஜ் உறுமி அடங்குகிறது. திரையிடுக்கு வெளிச்சம் கரண்டிகள்மேல் கோடாக விழுந்து நடுங்குகிறது. "இன்னொரு தடவை," என்கிறார் அப்பா.

"இடது இன்ஜின்ல தீ."

இந்த முறை அவர் அவளைக் கேட்கவேயில்லை. அவள் வாய் திறப்பதற்குள் வலது கரண்டி அவர் கையோடு வந்துவிடுகிறது.

"பாத்தியா, என்ன வேகம்!" என்கிறார்.