ஏழாவது கோயில் தாண்டி ஒரு மோர்ப்பந்தல்

கல்குளம் தெப்பக்குளத்தில் முங்கி எழுந்து, காவி வேட்டி சொட்டச் சொட்ட தாசன் ரோட்டில் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கையில் பனையோலை விசிறி, மார்கழியிலிருந்து வளர்த்த தாடி. முன்னால் போன கூட்டம் "கோவிந்தா, கோபாலா" என்றது. இவரும் கூடவே வாயசைத்தார்.

சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயிலையும் ஓடியே கும்பிடுகிற சிவாலய ஓட்டத்தில் கல்குளம் ஏழாவது. அடுத்தது மேலாங்கோடு. மாசி பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் தார் ரோடு கொதித்தது. பாசனச் சானலில் தண்ணீர் அடி தட்டிவிட்டது, ரப்பர் தோட்டம் இலையையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. ஒதுங்கி நிற்க ஒரு பொட்டு நிழல் இல்லை.

குளக்கரையில் ஒட்டிக்கொண்ட ஷிஜின் கூடவே நடந்து வந்தான். அருமனைக்காரன், ஓட்டத்துக்கென்றே துபாயிலிருந்து லீவு போட்டு வந்தவன். நேற்று சாயங்காலம் முதல் ஓடியதில் குதிகால் வெடித்து நொண்டினான். வாய் மட்டும் நொண்டவில்லை.

"சாமிக்க பேரு என்னா?"

"தாசன்."

"ஊரு?"

"முட்டம் பக்கம்."

"ஒங்க காலுக்கு ஒண்ணும் ஆவலியே. எனக்க காலு கெடக்குத கெடையப் பாருங்க."

"மணல்ல நடந்த காலு, மக்கா."

அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளப் பார்த்தார். அவன் விடுகிற ஆளா?

"யாருக்கு வேண்டி இந்த நேர்ச்சை?"

"மவளுக்கு."

"சொகமில்லியா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. எனக்க கூட பேச்சில்ல. அவளே ஒருத்தனப் பாத்து கெட்டிக்கிட்டா. இனி எனக்க வாசல மிதிக்கப்பிடாதுன்னு ஊரு பாக்க சொல்லிப்போட்டேன். ஆறு வருசமாச்சு, அவளும் மிதிக்கல."

"ஒரு போன் போட்டா தீந்துச்சு. இதுக்குப் போயி இந்த வெயில்ல ஓடுதியளே."

"போன் போட்டு என்னத்தப் பேச?"

பேசத்தான் ஆசை. மனைவி போன பிறகு, நாள் முழுக்க வாயைத் திறக்காமலே பொழுது போய்விடுகிறது. சாயங்காலமானால் டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருந்தும் அந்தப் பாழாய்ப்போன வீம்பு மட்டும் அவரை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நினைத்தால் அவருக்கே தன் மேல் எரிச்சல் வந்தது.

"சாமி எல்லாம் சரியாக்கித் தருவாரு" என்றான் ஷிஜின்.

தாசன் விசிறியை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்கு இன்றைக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. வளைவு தாண்டினால் ரோட்டோரம் ஒரு மோர்ப்பந்தல் உண்டு, அங்கே ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடிக்க வேண்டும். மூன்று வருஷமாக அந்த ஒரு டம்ளர் மோரில்தான் அவருக்கு ஒவ்வொரு வருஷமும் ஓடுகிறது.

வழி நெடுக வீட்டுக்கு வீடு தண்ணீரும் பானகமும் நீட்டினார்கள். ஓடி வருகிறவனிடம் ஊர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. கையை நீட்டினால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஷிஜின் ஒன்றையும் விடாமல் வாங்கிக் குடித்தான். தாசனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஆனாலும் எதையும் தொடவில்லை.

"மயங்கி விழுந்தா தூக்க எனக்குத் தெம்பில்ல, கேட்டியளா?"

"அந்தப் பந்தல்ல குடிக்கலாம்."

"அப்படி என்ன மோரு? பெருங்காயம் கூடுதலா?"

"ம்."

"அங்க தீந்து போச்சுன்னா?"

 அப்படி ஒன்று நடக்கும் என்று தாசன் யோசித்ததே இல்லை. விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

அவன் சொன்ன வாய் முகூர்த்தம், பந்தலில் அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரி நாகம்மை பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தீந்துட்டு சாமி. அடுத்த வீட்டுல சுக்குத்தண்ணி உண்டு, போங்க."

"அடியில கொஞ்சம் கெடந்தாலும் போதும்" என்றார் தாசன். 

"கழுவிக் கமத்தியாச்சு சாமி."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அறுபத்தைந்து வயதில், ஒரு டம்ளர் மோருக்காக நடுரோட்டில் அழுதால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தலைத்துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார்.

"அத்தே, ஒரு டம்ளர் எடுத்து வச்சிருக்கேன்."

உள்ளேயிருந்து நாகம்மையின் மருமகள் வந்தாள். கையில் எவர்சில்வர் டம்ளர், ஈ விழாமல் மேலே ஒரு மூடி. ஷிஜின் சட்டென்று கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போய் தாசனிடம் கொடுத்தாள்.

அவர் குனிந்த தலை நிமிராமல் வாங்கினார். முதல் மடக்கில் கொஞ்சம் தாடியில் வழிந்தது. இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டிருந்த மோர், உப்பு அவருக்குப் பிடித்த அளவு. ஒரு டம்ளரை எவ்வளவு நேரம் குடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் குடித்தார். அவளும் போகாமல் நின்றாள்.

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு, மாமியார் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டாள்:

"ஞாயித்துக்கெழமையும் அதுவுமா மாதா கோயில் பூசைய விட்டுட்டா வந்திய, அப்பா?"