ஏழாவது கண்டத்துக்கு ஓர் இருக்கை

ஆயுளுக்கு இத்தனை மணி நேரம்தான் ஒருவர் விமானத்தில் பறக்கலாம் என்று சட்டம் வந்துவிட்ட காலம். ஏழு கண்டங்களிலும் மாரத்தான் ஓடுபவர்களை ஏற்றிச்செல்லும் வாடகை விமானத்தில் இடம்பிடிக்க, ரெமிஜியுஸ் தன் பறக்கும் மணி நேரத்தோடு மனைவி செலஸ்டினின் மணி நேரத்தையும் கொடுத்திருந்தார். ஆறு கண்டங்கள் ஓடியவர் ஏழாவதுக்குமுன் கண்ணை மூடிவிட்டார். மிச்சம் ஆஸ்திரேலியா. மகள் ஜெனிட்டா அங்கேதான் இருந்தாள். பிறந்த பேத்தியைச் செலஸ்டின் இன்னும் தொட்டதில்லை.

"அவர் இருக்கையில் நீங்கள் வரலாம். ஆனால் ஓட வேண்டும்," என்றது விமானக் கம்பெனி.

"யம்மா, மார்க்கெட்டுக்கே ஆட்டோல போற ஆளு நீ," என்று மகள் போனில் சிரித்தாள்.

செலஸ்டின் மூன்று ஜோடி காலுறை போட்டு, கணவரின் ஷூவை இறுக்கிக் கட்டினாள்.

"முடிவுக்கோட்டுல பிள்ளையோட நில்லு. அதுக்கு அங்கிட்டு ஒரு அடிகூட வைக்கமாட்டேன்," என்றாள் மகளிடம்.