எஸ்த்ரெலா பூங்காவில் இரண்டு காப்பி

முதியோர் இல்லத்தில் இருந்த அதெலினோ, பழையபடி லிஸ்பனின் எஸ்த்ரெலா பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி மனைவி கிராசியெத்திடம் கெஞ்சிக்கொண்டே இருந்தார். “அடுத்த ஞாயிறு பாக்கலாம்” என்று அவள் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். மே மாதம் அவர் இறந்துபோனார்.

ஒரு மாதம் கழித்து, மனசு உறுத்தவே, அவள் மட்டும் பூங்காவுக்குப் போனாள். காப்பிக்கடை செலஸ்தி கேட்காமலே இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாம்மா? ஐயா ஞாயிறு தவறாம வந்து உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாரே.”

“எப்பலேர்ந்து?”

“ஒரு மாசமாத்தான்.”

கிராசியெத் கைகளை மடியில் கோத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மேசையைத் துடைத்துக்கொண்டே வந்த செலஸ்தி, எதிர் நாற்காலிப் பக்கம் வந்ததும் நின்றாள்.

“ஐயா, கையைக் கொஞ்சம் எடுங்க” என்றாள். பிறகு அந்த இடத்தையும் துடைத்தாள்.