கோட்டுக்குக் கீழே ஒரு பெயர்

"நில்லு, நில்லு! உனக்கு ஒரு மகன் இருந்தானா? மூணு வருஷமா உன் கையால சாப்பிடறேன். ஒரு வார்த்தை சொன்னதில்லையே, லவீனியா!"

"நீங்க கேக்கலியேம்மா."

சமையலறை வாசலில் நின்று ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள் லவீனியா.

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதங்கள். அதற்குப் பின்னால் யூஜினியா உட்கார்ந்திருந்தாள். பருத்தி ஆலை முதலாளி ஹாலண்டின் இரண்டாவது மனைவி. அட்லாண்டாவிலிருந்து இந்தச் சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. லவீனியா அந்த வீட்டு வேலைக்கு வந்தோ இருபத்திரண்டு வருடம்.

உலக யுத்தம் முடிந்து ஐந்து வருடம் கழித்து, அதில் மாண்ட ஊர்க்காரர்களுக்கு நீதிமன்ற வாசலில் கல் நாட்டப்போகிறார்கள். பெயர் சேர்க்கும் வேலையை மாதர் சங்கத்தில் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டவள் யூஜினியா. பன்னிரண்டு மணிக்குக் கல் செதுக்குகிறவன் வந்து பட்டியலை வாங்கிப் போய்விடுவான். அப்புறம் ஒரு பெயரும் ஏறாது. மணி பதினொன்றரை.

"பேப்பர்ல அறிவிப்பு வந்து ஒரு மாசமாச்சு. கடைசி நிமிஷத்துல வந்து நிக்கறியே!"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நேத்து சர்ச்சுலதான் பாதிரியார் படிச்சுக் காட்டினாரு. 'பட்டாளத்துச் சட்டையோட உயிர் விட்ட எல்லாரும்'னு போட்டிருக்காமே?"

"நான் எழுதின வாசகம்தான் அது." யூஜினியாவின் முகம் மலர்ந்தது. "உங்க கறுப்பு ஆளுங்களையும் சேர்க்கணும்னு சண்டை போட்டவளும் நான்தான். என்ன, உங்க பேரெல்லாம் கல்லோட அடியில, ஒரு கோடு கிழிச்சு, அதுக்குக் கீழே வரும். கோட்டை மட்டும் என்னால அழிக்க முடியலை."

"கீழேயே இருக்கட்டும்மா. மழை பெஞ்சா மேல இருக்கறவனும் நனைவான், கீழ இருக்கறவனும் நனைவான்."

யூஜினியா சிரித்துவிட்டாள். பேனாவை மையில் தோய்த்தாள்.

"பேரு?"

"அம்ப்ரோஸ் பிக்கெட்."

"வயசு?"

"இருபத்தி மூணு."

"எந்தப் படையில இருந்தான்?"

லவீனியா துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். மடிப்பு மடிப்பாய்க் கிழிந்த ஒரு கடிதம், ஒரு வெண்கலப் பதக்கம். "நம்ம படையில இவங்களை வெச்சுக்க மாட்டேன்னுட்டாங்களாம். பிரெஞ்சுக்காரங்களோட சேர்த்து விட்டாங்க. அவங்க தளபதி கையால குத்தின பதக்கம்மா இது. 'பத்திரமா வெச்சிரு'ன்னு தபால்ல அனுப்பினான்."

யூஜினியா பதக்கத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த ஊர்ல வேற எவனுக்கும் இப்படி ஒண்ணு கிடையாது தெரியுமா? வெள்ளைக்காரப் பசங்களுக்குக்கூட! நம்ம வீட்டு ஐயாகிட்ட சொன்னா அசந்து போவாரு."

"சொல்ல வேணாம்மா."

"ஏன்? அவர்தான் கல்லுக்குப் பாதிச் செலவு குடுக்கறாரு."

லவீனியா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சரி, இறந்த தேதி?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது, மார்ச் எட்டு. சனிக்கிழமை."

பேனா பாதியில் நின்றது. "சண்டைதான் முந்தின நவம்பர்லயே முடிஞ்சு போச்சே! ஆஸ்பத்திரியில கிடந்தானா? அந்த விஷக் காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லம்மா. அடிபட்டுத்தான்."

"பாவம். பழைய காயம் புரை ஓடியிருக்கும்." அவளே பதிலைச் சொல்லிக்கொண்டு அவளே எழுதினாள். "அப்பவும் பட்டாளத்துச் சட்டையிலதான் இருந்தானா?"

"கடைசி மூச்சு வரைக்கும் கழட்டலம்மா."

யூஜினியாவின் கண் கலங்கிவிட்டது. "பெத்தவ முகத்தைக்கூடப் பாக்காம, கண் காணாத சீமையில... எப்படித் தாங்கினே நீ?"

"வேலை இருந்துச்சேம்மா."

"இடம் சொல்லு. எந்த ஊர்ல?"

லவீனியா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"பேர் வாயில நுழையலைன்னா பரவாயில்ல, சும்மா சொல்லு. நான் சரி பண்ணிக்கறேன். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் உயிர் விட்ட இடத்தைப் போடணும்னு தீர்மானம். இடம் இல்லாம கல்லுல ஏத்த மாட்டாங்க."

"இடத்தைச் சொன்னாலும் ஏத்த மாட்டாங்கம்மா."

"என்ன பேச்சு இது? எந்த மண்ணா இருந்தா என்ன? நீ சொல்லு, நான் எழுதறேன். இந்த வீட்டு எஜமானி வாக்குக் குடுக்கறேன், போதுமா?"

வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. கல் செதுக்குகிறவனின் குரல் கேட்டது.

"சீக்கிரம் லவீனியா!"

"நம்ம ஊரு ரயிலடிம்மா. புதன்கிழமை வரேன்னு எழுதியிருந்தவன், எனக்குத் தெரியாம முன்னாலயே வந்துட்டான். ரயிலை விட்டு இறங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். 'அந்தச் சட்டையைக் கழட்டுடா'ன்னாங்களாம். 'மூணு மாசம் போட்டுக்கலாம்னு சர்க்கார் காகிதம் குடுத்திருக்கு'ன்னு இவன் சொன்னானாம்."

யூஜினியாவின் முகம் வெளுத்தது. "யாரு... யாரு சொன்னாங்க கழட்டச் சொல்லி?"

"ஒரு கூட்டமே நின்னுச்சாம்மா, எல்லாரையும் எனக்குத் தெரியாது. அன்னிக்கு மத்தியானம் ஐயா சட்டையெல்லாம் ரத்தமா வந்தாரு, பன்னி அறுத்தோம்னாரு. பச்சைத் தண்ணியில ஊற வெச்சு, கறை தெரியாமக் கசக்கி, கொடியில காயப்போட்டுட்டு உள்ள வந்தப்பதான், 'உன் பையன் காலையிலேயே வந்துட்டான்'னு பாதிரியார் வந்து சொன்னாரு."